மூன்றாம் நோட்டு, நாற்பத்தோராம் பக்கம்

முதல் சொட்டு எரிந்தது. எரியும் என்று சொல்லிவிட்டுத்தான் விட்டாள் அந்த நர்ஸ் பெண். இருந்தாலும், மற்றவர்களுக்கு விட்டதைவிடத் தனக்குக் கொஞ்சம் காட்டமான மருந்தாக எடுத்து வந்துவிட்டாளோ என்று தளவாய்க்குச் சந்தேகம். பெயரில்தான் படைத்தலைவர், எழுபத்து நாலு வயதில் ஒரு சொட்டு மருந்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், நாலு தரம் விடுவார்களாம். கண்மணி நன்றாக விரிந்த பிறகு டாக்டர் உள்ளே கூப்பிட்டு விளக்கடித்துப் பார்ப்பாராம். அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாதாம். திருநெல்வேலியில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் நீள ஹாலில் அவரைப்போல நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வருகிறவன் பார்த்தால் ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று நினைத்துக் கையைக் கூப்பியிருப்பான். எல்லோருக்கும் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி, எந்தக் கண் என்று அடையாளத்துக்கு. அவருக்கு வலது புருவத்தில். இடது கண்ணுக்கு இனி அடையாளம் தேவையில்லை, அது போய் இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார்கள். வலி கிடையாது, உறுத்தல் கிடையாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்து, ஒரு நாள் காலையில் பேப்பரை விரித்தால் ஓரத்துப் பத்தியைக் காணவில்லை. அச்சில் விட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பேப்பர்காரரைத் திட்டினார், அதுதான் வேடிக்கை. அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது வலது கண்ணிலும் அதே ஓரத்து இருட்டு. மருந்து கேட்கிறதா என்று பார்ப்போம், கேட்காவிட்டால் இந்தக் கண்ணும் எத்தனை நாள் என்று அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன் என்று போன மாதம் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த தடவைதான் இது.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சண்முகவடிவு போர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வருஷமாக இதே பாடுதான். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு; ஆனால் எழுத்து என்று எதைக் கண்டாலும் வாய்விட்டு வாசிக்காமல் அவளால் தாண்டிப் போக முடியாது. பஸ்ஸில் ஏறினால் வழியில் இருக்கிற கடைப் பெயர் அத்தனையும், கல்யாண வீட்டில் பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பெயர், தீப்பெட்டி, மருந்துச் சீட்டு. முணுமுணுப்புத்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும். காலையில் பஸ்ஸில் வந்தபோது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல்வரை கடைப் பெயர்தான். இப்போதும், மருந்து விட்டவர்கள் கண்களைத் திறக்க வேண்டாம், அமைதி காக்கவும், கண்ணாடிக் கடை கீழ்த்தளம், கண்ணாடிக் கடை கீழ்த்தளம். அதையே இரண்டாம் தடவை வாசிக்கிறாள். ஏளா, எழுத்து தெரியும்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா என்று ஆயிரம் தடவையாவது கடிந்திருப்பார். இன்றைக்கு அந்தக் கடிதல் தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டாம் தடவை வாசிக்கிறாள் என்றால் அவளுக்கும் பயம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பது அவருக்கு வராத காரியம். சரி, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். இந்தக் கண்ணும் போய்விட்டால் கையில் என்ன மிஞ்சும்? வீட்டில் பீரோவின் மேல்தட்டில் ஏழு நோட்டுகள் இருக்கின்றன, தடித்த அட்டை போட்டவை, பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டி, காலத்தை வைத்தல்லாமல் விஷயத்தை வைத்து எண் போட்டவை. விஷயம் இரண்டே இரண்டு: சதுரங்கம் பிறந்து வளர்ந்த கதை, பாரசீக ராஜாக்கள். ஒருவனுக்குத் தபால்தலை, ஒருவனுக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது. அதற்காக ஆட்டத்தில் புலி என்று நினைத்துவிடக் கூடாது. கொம்பையா சலூனில் கொம்பையாவோடு பத்து ஆட்டம் ஆடினால் எட்டில் தோற்பார். ஆடுவதில் இல்லை அவருடைய பைத்தியம், அந்த ஆட்டம் எந்த நாட்டில் எந்த ராஜாவின் முன்னால் எப்படி வந்து இறங்கியது என்பதில்தான். எல்லாம் பத்தொன்பது வயதில், பாளையங்கோட்டையில், அந்தச் சலூனில் தொடங்கியது. சலூனுக்குப் ‘பொருநைச் செய்தி’ என்று ஒரு வாரப் பத்திரிகை வரும். எட்டுப் பக்கம், மங்கின மை. அதில் ‘பாரசீக தர்பாரில் நமது சதுரங்கம்’ என்று ஒரு தொடர். எழுதியவர் பெயர் சிப்பாய். யார் அந்தச் சிப்பாய் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாராகவோ தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகவோ இருந்திருப்பார், ஊரைத் தாண்டியிருக்கவே மாட்டார், ஆனால் எழுத்தைப் படித்தால் நேற்றுத்தான் பாரசீகத்திலிருந்து வண்டி பிடித்து வந்து இறங்கியவர் மாதிரி இருக்கும். அப்படி எழுத எத்தனை துணிச்சல் வேண்டும். ஒரு மாதத்துப் பேப்பர் சேர்ந்ததும் கொம்பையா கட்டாகக் கொடுப்பார், வேண்டியதை நறுக்கிக்கொண்டு மிச்சத்தை உடனே திருப்பித் தர வேண்டும், முகம் துடைக்கக் காகிதம் வேண்டுமே. அந்த அவசரத்தில் தளவாய்க்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது. வெட்டு, ஒட்டு, அப்புறம் வாசி. ஒட்டாத துண்டை வாசிப்பது இலை போடாமல் சாப்பிடுவது மாதிரி என்பது அவர் கட்சி. ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அதை மாற்றியதில்லை.

முதல் வாரம், மூன்றாம் நோட்டு, இருபத்து மூன்றாம் பக்கம். வரி வரியாக இருக்கிறதா? இருக்கிறது. இந்திய ராஜாவிடமிருந்து நௌஷேர்வான் என்ற பாரசீகப் பேரரசருக்குத் தூதுக்குழு வருகிறது. யானை, குடை, ஒட்டகம் ஒட்டகமாகக் காணிக்கை, கடைசியில் ஒரு பலகையும் காய்களும். கூடவே ஒரு கடிதம்: உங்கள் அறிஞர்கள் இதைப் பார்த்து இது என்ன விளையாட்டு, எந்தக் காய் எப்படிப் போகும் என்று கண்டுபிடித்துவிட்டால் நாங்கள் கப்பம் கட்டுகிறோம், கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். எத்தனை நையாண்டியான சவால். தர்பாரே தலையைச் சொறிகிறது. அப்போது எழுந்து வருகிறார் மந்திரி புஸர்ஜ்மிஹர். பலகையை ஒரு அறைக்கு எடுத்துப் போய், ஒரு பகல் ஓர் இரவு, தனியாக உட்கார்ந்து, காயைத் தொட்டுத் தொட்டு யோசிக்கிறார். இது யானை, இது குதிரை, இது தேர், அப்படியானால் இது போர்க்களம், நடுவில் நிற்பவர் அரசர், அரசர் விழுந்தால் போர் முடிந்தது. விடிந்ததும் வந்து இந்தியத் தூதரோடு உட்கார்ந்து ஆடி ஜெயித்தும் விட்டார். அடேயப்பா, என்ன மூளை அது. சொல்லிக் கொடுத்தே கொம்பையாவிடம் தோற்கிற ஜன்மம் நாம். நியாயப்படி பார்த்தால் தளவாய் இந்திய ராஜாவின் கட்சியில் நின்றிருக்க வேண்டும், கப்பம் கட்டியது நம் ஆள்தானே. ஆனால் முதல் வாரத்திலேயே மனசு மாறி அந்த மந்திரியோடு போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அதோடு விட்டாரா மந்திரி? பதிலுக்குப் பகடை ஆட்டம் ஒன்றை யோசித்து உண்டாக்கி, இதைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று நம் ஊருக்கு அனுப்பினார், இங்கே ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஐந்தாம் வாரம், இருபத்தொன்பதாம் பக்கம், வலது ஓரத்தில் எண்ணெய்க் கறை. கறைகூட நினைவிருக்கிறது. இத்தனை இருந்தால் கண் எதற்கு என்று ஒரு நொடி தைரியம் வந்தது, அந்த நொடி தீர்ந்ததும் போய்விட்டது.

இரண்டாம் சொட்டு. தாத்தா அண்ணாந்து பாருங்க என்று சொல்லி இமையை விரலால் பிரித்து விட்டுவிட்டுப் போனாள் நர்ஸ். பஞ்சை வைத்துக் கன்னத்தைத் துடைத்தது வடிவின் கை, வெங்காய வாசனை. அந்த மந்திரி மாதிரி பலகையை மனசில் விரித்துப் பார்ப்போம் என்று தொடங்கினார். வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம், கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம், குதிரை வெளியே, அந்தப் பக்கமும் குதிரை வெளியே, மூன்றாவது நகர்த்தலில் யானை எங்கே நின்றது என்று குழம்பிவிட்டது. பலகையே கரைந்துவிட்டது. இவ்வளவுதானா, இருட்டில் மூன்று நகர்த்தல்தானா என்னால் முடியும்? நோட்டுக்கே திரும்பினார். நாலாம் நோட்டு, அது பிற்காலத்துப் பேப்பர், பாலைவனத்தில் கூடாரம் அடித்து உலகத்து ராஜாக்களையெல்லாம் கூப்பிட்டு ஈரான் ஷா விருந்து வைத்த படம். ஷா என்றால் ராஜா. ஷா மாத் என்றால் ராஜா செயலற்றுப் போனார் என்று அர்த்தம் என்று சிப்பாய் எழுதியிருந்தார்; ஆட்டம் எத்தனை தேசம் போனாலும், மந்திரி ராணியாகி, யானை பாதிரியாராகி, தேர் கோட்டையானாலும், ராஜா மட்டும் ராஜாவாகவே ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்ந்துகொண்டிருக்கிறார் பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். விருந்துப் படத்துக்கு எட்டுப் பக்கம் தள்ளி அதே ஷா நாட்டைவிட்டு விமானம் ஏறுகிற படம். அதன் அடியில் பென்சிலால் ஷா மாத் என்று எழுதினார் தளவாய். எழுதிவிட்டு அந்த முகத்தைப் பார்த்தார். மறுநாளே ரப்பரை வைத்து அழித்துவிட்டார். நாட்டை இழந்து நிற்கிறவரிடம் போய் என்ன கிண்டல் வேண்டிக்கிடக்கிறது. அழித்த தடம் இன்னும் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சாய்த்துப் பிடிக்கத்தான் கண் வேண்டும்.

வடிவு அதைப் பார்த்திருக்க மாட்டாள். அவள் நோட்டைத் தொட்டு நாற்பத்தைந்து வருஷம் இருக்கும். கல்யாணமான புதிதில் முறுக்குச் சுட்டுப் பரப்ப இடமில்லாமல், திறந்து கிடந்த இரண்டாம் நோட்டின் மேலேயே பரப்பிவிட்டாள். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். உன் கை இதில் பட்டுதுன்னா பாத்துக்கோ என்று சொன்னார் அந்தப் புதுப்பெண்ணிடம். அன்று முதல் பீரோவைத் துடைப்பாள், மேல்தட்டுக்கு வந்ததும் துணி நின்றுவிடும். ஊரில் உள்ள போர்டெல்லாம் வாசிக்கிறவள், வீட்டுக்குள் இருந்த ஏழு நோட்டில் ஒரு வரி வாசித்ததில்லை. வாசித்துக் காட்டு என்று அவரும் கேட்டதில்லை; கண் மங்கிய இந்த இரண்டு வருஷத்தில்கூட பூதக்கண்ணாடியை வைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு தானேதான் துழாவினார். அதை நினைத்தபோது கண்ணுக்குள் எரிந்தது மருந்தா வேறா என்று அவருக்கு நிச்சயமில்லை. முப்பத்தெட்டாம் பக்கம், ஏழாம் வாரம். ராஜா வேட்டைக்குப் போன இடத்தில் தூங்குகிறார், ஒரு பறவை வந்து அவர் தோள்வளையிலிருந்த மணிகளைக் கொத்தி விழுங்கிவிடுகிறது, பழி பக்கத்தில் இருந்த மந்திரிமேல். பேரறிஞர், கிழவர், சிறையில் போடுகிறார்கள். எட்டாம் வாரமும் ஒன்பதாம் வாரமும் சிறைதான். அந்த இருட்டில் மந்திரிக்குக் கண் பார்வை போய்விடுகிறது. பத்தாம் வாரம், நாற்பத்தோராம் பக்கம். ரோமாபுரி அரசனிடமிருந்து முத்திரை வைத்த ஒரு பெட்டி வருகிறது, திறக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். தர்பார் மறுபடியும் தலையைச் சொறிகிறது. ராஜாவுக்கு மந்திரியின் ஞாபகம் வருகிறது. சிறையிலிருந்து கூட்டி வந்து, குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, ஒரு வேலைக்காரனைத் துணைக்குக் கொடுத்து அரண்மனைக்கு அனுப்புகிறார்கள். கடைசி வரி: கண்ணில்லாத மந்திரி தெருவில் இறங்கி நின்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை.

அந்த அவ்வளவுதானில்தான் ஐம்பத்தைந்து வருஷமாக அவர் மனசு இடறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரத்துப் பேப்பரில் தொடர் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மனம் பொறுக்காமல் பத்திரிகை ஆபீசுக்குக் கார்டு எழுதினார்: சிப்பாய் அவர்கள் கதையை நடுத்தெருவில் விட்டது நியாயமா? ஒரே வரியில் பதில் வந்தது. ‘தொடர் நிறைவுற்றது. ஊன்றிப் படிக்கவும். ஆசிரியர்.’ என்ன திமிர். வாசகன் வலிய வந்து கேட்டால் ஊன்றிப் படிக்கவுமாம். அந்தப் பத்திரிகை நின்று, ஆசிரியரும் போய்ச் சேர்ந்த பிறகும் தளவாய் அந்த மனிதரைத் திட்டுவதை விடவில்லை. மதுரை, நாகர்கோவில், எந்த ஊர்ப் பழைய பேப்பர் கடையைக் கண்டாலும் பதினோராம் வாரத்து இதழ் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. ஒருமுறை அந்த வருஷத்துக் கட்டே கிடைத்தது, பத்தாம் வாரத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதுதான் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஆறு மாதத்து இதழ்களை உட்கார்ந்து புரட்டினார். இல்லை. மகன் ஒருதரம் வந்திருந்தபோது, செல்போனில் தேடினால் முடிவு வந்துவிடுமே அப்பா என்றான். தொடாதே என்றுவிட்டார். அந்த முடிவு சிப்பாயின் கையால் வர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு மூலையில் அவருக்குத் தெரியும், அது பிடிவாதம் மட்டுமில்லை. கண் போன ஒருவர் தெருவில் இறங்கி நிற்கிறார். பெட்டிக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார், கண்டுபிடித்தாரா, இல்லை அந்தத் தெருவிலேயே தட்டுத் தடுமாறி விழுந்துவிட்டாரா? இந்த இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி கதைக் கேள்வியாக இல்லை.

மூன்றாம் சொட்டு விழுந்தபோது நர்ஸ் கையில் சின்ன டார்ச் ஒன்று இருந்தது போலிருக்கிறது. கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மூடிக்கோங்க தாத்தா என்றாள், விளக்கை அணைக்க ஒரு கணம் தாமதித்தாள். மூடிய இமையின் மேல் வெளிச்சம் விழுந்தது. இமை மருந்தில் ஊறி நனைந்திருந்தது. நனைந்த இமைக்குள் சிவப்பாக, மஞ்சளாக, ஒளி ஊறிப் பரவியது, அதில் கறுப்பாக என்னவோ நெளிந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். இப்படித்தான், ஈரத்தில், வெளிச்சத்துக்கு எதிரில், கறுப்பாக. எங்கே? அம்மா காய்ச்சிக் கொடுத்த கஞ்சிப் பசை. அன்றைக்குப் பசை தண்ணீராகப் போய்விட்டது. சன்னல் பக்கம் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார், பசையைத் தடவித் துண்டைத் தூக்கிப் பிடித்தபோது தாள் முழுக்க ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் எழும்பி வந்துவிட்டது. இடம் வலமாகத் தலைமாறின எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. ஐயோ கிழியப்போகிறதே என்று பதறி நோட்டில் வைத்துத் தோள் துண்டால் அமுக்கினார். அது நாற்பத்தோராம் பக்கம். பத்தொன்பது வயதில் அது வெறும் கறுப்பு நெளிவு. ஆனால் இருபத்தொன்றாம் வயதில் அச்சகத்தில் சேர்ந்து, முப்பது வருஷம் ஈய எழுத்தைத் தலைமாற்றி வாசித்தே சோறு தின்றவர் அல்லவா தளவாய். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் தலைமாறிய எழுத்தில்தான் முதலில் அவருக்குத் தெரியவரும். அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பையன் கையிலிருந்த ஈரத் தாளின் முன்னால் நிறுத்தினார். அசையாதே, அமுக்காதே, ஒரு நிமிஷம் அப்படியே பிடி. பெரிய எழுத்தில் ஒரு குறுந்தலைப்பு, வலமிருந்து இடமாக. எதிரே. எதிரே வருவது. எதிரே வருவது யார்? அதற்குக் கீழே பொடி எழுத்து, எட்டவில்லை. அடியில், ஓரத்தில், இரண்டு பூவுக்கு நடுவே ஒரு சொல். முற்றும்.

மனசு பொய் சொல்லும், கிழட்டு மனசு கூசாமல் சொல்லும் என்று தன்னைத்தானே அடக்கினார். ஆசையினால் நீயே எழுதி நீயே வாசிக்கிறாய். ஆனால் கார்டு? தொடர் நிறைவுற்றது என்று எழுதினாரே ஆசிரியர், அது பொய்யில்லையே. அடுத்த வாரம் ஏன் இல்லை என்றால் இந்த வாரமே முடிந்துவிட்டது. பத்தி அடியில் எப்போதும் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ‘அடுத்த வாரம்’ என்று ஒரு வரி இருக்கும். நோட்டில் அழகாக இருக்காதென்று அதை வாசிக்காமலே நறுக்கி எறிவது அவர் வழக்கம். பத்தாம் வாரத்தில் அந்த இடத்தில் ‘தொடர்ச்சி ஆறாம் பக்கம்’ என்று இருந்திருக்கும். தொடர் எப்போதும் ஐந்தாம் பக்கத்தில்தான் வரும், அதன் முதுகுதான் ஆறாம் பக்கம். வெட்டு, ஒட்டு, அப்புறம் வாசி. தானே கத்தரித்து, தானே பசை தடவி, தானே துண்டால் அமுக்கி, முடிவைப் புதைத்துவிட்டு, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊர் ஊராக அலைந்திருக்கிறார். ஊன்றிப் படிக்கவும். ஐயா, ஆசிரியரே, நீர் எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, அதற்குள்ளேயே சிரிப்பும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானே குலுங்கிய கிழவரைப் பார்த்து வடிவு, என்ன செய்யுது, எரியுதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அந்தத் தலைப்பு முழுசாக உள்ளே இறங்கியது. எதிரே வருவது யார். யார் யாரைக் கேட்கிறார்கள்? தெருவில் இருப்பது இரண்டே பேர். கண்ணில்லாத மந்திரி, கண்ணுள்ள வேலைக்காரன். மந்திரிதான் கேட்கிறார். பலகையைத் தனியறைக்குள் பூட்டிக்கொண்டு ஒருத்தரையும் கேட்காமல் ஆட்டத்தைக் கண்டுபிடித்த மகா அறிஞர், இத்தனை வருஷம் கழித்துத் தெருவில் நின்று, கூட வந்த வேலைக்காரனிடம், அப்பா, எதிரே வருவது யார், நீ பார்த்துச் சொல் என்று கேட்கிறார். அதுதான் அவர் கண்டுபிடித்த வழி. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தளவாய்க்கு இன்னும் தெரியாது, ஆனால் அந்த மனிதர் தெருவில் விழவில்லை என்று தெரிந்துவிட்டது. முதல் வாரத்து மந்திரியை மெச்சியதைவிட இந்தப் பத்தாம் வாரத்து மந்திரியை நூறு மடங்கு மெச்சத் தோன்றியது. காயைத் தொட்டுக் கண்டுபிடிப்பது மூளை. கேட்பதற்கு மூளை போதாது, வேறென்னவோ வேண்டும். அது தன்னிடம் இருக்கிறதா என்று இருட்டுக்குள் கைவிட்டுத் தேடினார்.

நாலாம் சொட்டும் விழுந்தது. அது எரிந்ததா என்று அவர் கவனிக்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கரைந்தே போய்விடும், ஐம்பத்தைந்து வருஷத்துத் தாள். என்ன செய்யலாம் என்று யோசித்தவர், ஏளா வடிவு என்று கூப்பிட்டு, கஞ்சிப் பசை போட்டு ஒட்டின காகிதத்தைக் கிழியாமல் எடுக்க முடியுமா என்று கேட்டார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவள் கேட்கவில்லை. இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டினால் இளகிவிடும், ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும், தன் அம்மா வீட்டில் சாமி படத்தைப் பழைய சட்டத்திலிருந்து அப்படித்தான் எடுத்தார்கள் என்றாள். எந்தக் காகிதம் என்று கேட்டாள். மூன்றாம் நோட்டு, நாற்பத்தோராம் பக்கம் என்றார். வடிவு போர்டு வாசிப்பதை நிறுத்தினாள்.

"நான் தொடலாமா?" என்று கேட்டாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் முறுக்குத் தட்டோடு நின்ற அந்தப் பெண் அதே இடத்திலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

"நீதான் தொடணும்" என்றார் தளவாய். "தொட்டு, எடுத்து, நீதான் வாசிச்சுச் சொல்லணும். சத்தமா."

அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறக்காமல் அப்படியே கையைப் பிடித்துக் கூட்டி வரச் சொன்னாள் நர்ஸ். எழுந்தார். பயம் எங்கும் போய்விடவில்லை, உள்ளே விளக்கை அடித்து டாக்டர் என்ன சொல்வாரோ, சொல்வதைச் சொல்லட்டும். மணிக்கட்டை வடிவு பிடித்திருந்தாள், வெங்காய வாசனைக் கை, கெட்டியான பிடி. பத்து அடி நடந்திருப்பார்கள். காலடிச் சத்தங்கள் எதிர்ப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.

"ஏளா, எதிர்ல வாறது யாரு?"

"யாரு வந்தா உங்களுக்கு என்ன? பாத்து நடங்க."

"சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

அவள் நடை ஒரு கணம் தடைப்பட்டது. பிறகு அந்தக் குரலில், கடைப் பெயர் வாசிக்கிற, தீப்பெட்டி வாசிக்கிற, நாற்பத்தைந்து வருஷமாக அவர் கடிந்துகொண்ட அதே குரலில், ஒன்று விடாமல் வாசிக்கத் தொடங்கினாள். "கைப்பிள்ளையோட ஒரு பொம்பளை வாறா. பிள்ளைக்கு ஒரு கண்ணுல கட்டு, ஆனா சிரிக்குது. அவளுக்குப் பின்னால புதுசாக் கல்யாணம் ஆனவ போல, மாப்பிள்ளை கையைப் பிடிச்சிருக்கா. அதுக்கும் பின்னால நர்ஸ் பிள்ளை ஒண்ணு, தனியா, கையில ஃபைலு." எத்தனை தெளிவாகத் தெரிந்தது எல்லாம். இப்படியொரு கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா பூதக்கண்ணாடியோடு மல்லுக்கட்டினோம் என்று நினைத்தார் தளவாய். வடிவு நின்றாள். வாசல் வந்துவிட்டது.

"டாக்டர் அறை" என்று வாசித்தாள். "கதவைத் தள்ளவும்."

"தள்ளு" என்றார்.